மும்பையில் முதல் சனி, ஞாயிறு: தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மும்பையின் வரைபடத்தை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். தெற்கே கொலாபாவில் மெல்லிய நுனியாகத் தொடங்கி, வடக்கே போகப் போக அகலமாகிக்கொண்டே போகும் நீளமான நிலத்துண்டு அது. மேற்கே அரபிக்கடல். கிழக்கே கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுக வளைகுடா. ரயில் பாதைகளும் பெரிய சாலைகளும் வடக்கு தெற்காகவே ஓடுகின்றன. அதனால் மேலும் கீழும் போவது சுலபம், குறுக்கே போவதுதான் பெரிய பாடு. இதைப் புரிந்துகொள்ளாமல் காலையில் தெற்கே கேட்வே ஆஃப் இந்தியா, மதியம் வடக்கே ஜுஹு கடற்கரை, சாயங்காலம் மறுபடி தெற்கே மெரைன் டிரைவ் கடலோரச் சாலை என்று திட்டம் போடுபவர்கள் இரண்டு நாளையும் டாக்ஸியிலேயே கழித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

நான் சொல்லும் திட்டம் எளிமையானது. ஒரு நாளைக்கு ஊரின் ஒரு பகுதி மட்டும். சனிக்கிழமை தெற்கு நுனி. ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் தொடங்கி பாந்த்ரா வரை. ஜுஹு, போரிவலியில் இருக்கும் தேசியப் பூங்கா, கான்ஹேரி குகைகள் எல்லாம் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

எப்போது வரலாம்

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில் இங்கே வானம் தெளிவாக இருக்கும். இங்கே மழை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை. அதையும் சென்னை மழை மாதிரி நினைத்துவிடாதீர்கள். நாள் கணக்கில் விடாமல் பெய்யும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது, நகரமே நின்றுபோனது. பலத்த மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் தண்ணீர் கடலுக்குள் இறங்க வழியிருக்காது. தாழ்வான இடங்களில் சாலையும் தண்டவாளமும் முழுகும். மழைக்காலத்து மும்பை அழகுதான், எனக்குப் பிடித்த பருவமும் அதுதான். ஆனால் முதல் தடவை வருபவருக்கு, அதுவும் இரண்டே நாள் கையில் இருக்கும்போது, அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அக்டோபரில் மழை விட்ட கையோடு புழுக்கம் திரும்ப வந்துவிடும். அது நமக்குப் பழகியதுதான்.

இன்னொரு சின்ன விஷயம். மும்பை சென்னைக்கு மேற்கே வெகு தூரத்தில் இருப்பதால் சூரியன் சுமார் அரை மணி நேரம் தாமதமாக எழுந்து தாமதமாக மறையும். ஜனவரியில் ஏழு மணி தாண்டித்தான் விடியும். ஜூனில் மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கடல் மேற்கே இருப்பதால் நாம் மெரினாவில் உதயம் பார்ப்பதுபோல் இங்கே அஸ்தமனம் பார்க்கலாம். உதயம் வேண்டுமென்றால் கேட்வேக்குப் போக வேண்டும். அது கிழக்கே பார்த்து நிற்கிறது.

வந்து இறங்குவதும் தங்குவதும்

தமிழ்நாட்டு ரயில்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்பதில்லை. சில சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் வரை போகும். விக்டோரியா டெர்மினஸ் என்ற பழைய பெயரைச் சுருக்கி அதை இன்னமும் எல்லோரும் ‘வி.டி.’ என்றுதான் சொல்கிறார்கள், டாக்ஸிக்காரரிடம் நீங்களும் அப்படியே சொல்லலாம். சில தாதரோடு நின்றுவிடும். சில குர்லாவில் இருக்கும் லோக்மான்ய திலக் டெர்மினஸுக்கு வரும். இந்தக் கடைசி ஸ்டேஷனைக் குர்லா லோக்கல் ஸ்டேஷனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டும் வேறு வேறு இடம். திலக் டெர்மினஸுக்குப் பக்கத்தில் இருக்கும் லோக்கல் ஸ்டேஷன் ஹார்பர் லைனில் உள்ள திலக் நகர். வாசலில் சூழ்ந்துகொண்டு பெட்டியைப் பிடுங்காத குறையாகக் கூப்பிடும் ஆட்களைத் தாண்டி நடந்துவிடுங்கள்.

தங்குவதற்குப் பலரும் கொலாபாவைத் தேடுவார்கள். என் யோசனை தாதர், மாட்டுங்கா, சயான் வட்டாரம். தாதரில் வெஸ்டர்ன் லைனும் சென்ட்ரல் லைனும் சந்திக்கின்றன. ஊரின் எந்தப் பக்கமும் அங்கிருந்து சுலபமாகப் போய்விடலாம். காலையில் நல்ல இட்லியும் ஃபில்டர் காபியும் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். தமிழில் வழி கேட்கலாம். ஒன்றே ஒன்று, அறை சின்னதாகத்தான் இருக்கும். மும்பையில் நீங்கள் கொடுக்கும் காசுக்கு எங்கேயும் சின்ன அறைதான் கிடைக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

விமானத்தில் வருபவர்களுக்கு இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை ஓடும் மூன்றாம் எண் மெட்ரோ, 2025 அக்டோபரில் முழுப் பாதையும் திறந்தது. 33 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய முழுவதும் பூமிக்கு அடியில். விமான நிலையத்தின் இரண்டு முனையங்களுக்கும் அதில் ஸ்டேஷன் உண்டு. தாதர், சித்திவிநாயகர் கோவில், சர்ச்கேட், வி.டி. எல்லாம் அந்தப் பாதையிலேயே வந்துவிடுகின்றன.

லோக்கல் ரயில் ஏறக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்குப் பயந்து டாக்ஸியிலேயே சுற்றினால் மும்பையை நீங்கள் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று, இன்றைய வி.டி. இருக்கும் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு, 34 கிலோமீட்டர், ஓடியது. இன்றும் அந்தத் தடத்தில்தான் சென்ட்ரல் லைன் ஓடுகிறது. ஊரின் தினசரி வாழ்க்கை இந்தப் பெட்டிகளில்தான் நடக்கிறது. சரியான நேரத்தில், சரியான திசையில் ஏறினால் குழந்தைகளோடும் நிம்மதியாகப் போகலாம்.

முதலில் லைன்கள். வெஸ்டர்ன் லைன் சர்ச்கேட்டிலிருந்து வடக்கே விரார் பக்கம் போகும். சென்ட்ரல் லைன் வி.டி.யிலிருந்து தாணே, கல்யாண் பக்கம் போகும். ஹார்பர் லைனும் வி.டி.யிலிருந்துதான் கிளம்பும், ஒரு கிளை செம்பூர், வாஷி வழியாக பன்வேல் போகும், இன்னொன்று மேற்கே திரும்பி பாந்த்ரா, அந்தேரி வழியாக கோரேகான் போகும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: மும்பை சென்ட்ரல் ஸ்டேஷன் இருப்பது வெஸ்டர்ன் லைனில். அதேபோல் மாட்டுங்கா சென்ட்ரல் லைனில், மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன் லைனில்.

டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்பே ரயில்வேயின் செயலியில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கவுண்டரிலோ தானியங்கி இயந்திரத்திலோ எடுக்கலாம். குறைந்தபட்ச இரண்டாம் வகுப்புக் கட்டணம் 5 ரூபாய்தான். நாள் முழுக்க ஏறி இறங்குவதற்கு டூரிஸ்ட் டிக்கெட் என்றும் ஒன்று உண்டு, கவுண்டரில் கேளுங்கள். முக்கியமான எச்சரிக்கை: முதல் வகுப்புப் பெட்டி பார்ப்பதற்கு மற்றப் பெட்டி மாதிரியேதான் இருக்கும். காலியாக இருக்கிறதே என்று ஓடிப்போய் ஏறும் வெளியூர்க்காரர்கள் அடுத்த ஸ்டேஷனில் அபராதம் கட்டுவது அடிக்கடி நடக்கிறது. பெட்டியின் வெளியே கதவை ஒட்டி எழுதியிருப்பதையும் சாய்வான வண்ணப் பட்டைகளையும் பார்த்து ஏறுங்கள். பெண்கள் பெட்டி, மாற்றுத்திறனாளிகள் பெட்டி எல்லாவற்றுக்கும் அப்படி அடையாளம் உண்டு. ஏசி லோக்கலுக்குத் தனி டிக்கெட், சாதாரண டிக்கெட் அதில் செல்லாது.

அடுத்து பிளாட்பாரத்தில் தொங்கும் பலகை. ரயில் எங்கே போகிறது, எத்தனை மணிக்கு, ‘எஃப்’பா ‘எஸ்’ஸா, 12 பெட்டியா 15 பெட்டியா என்று அதில் ஓடும். எஃப் என்றால் ஃபாஸ்ட், பெரிய ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கும். எஸ் என்றால் ஸ்லோ, எல்லா இடத்திலும் நிற்கும். மாட்டுங்கா, சயான் போவதற்கு ஸ்லோ ரயில்தான். முதல் இரண்டு நாளும் ஸ்லோ ரயிலிலேயே போங்கள் என்பது என் கண்டிப்பான யோசனை. பத்துப் பதினைந்து நிமிடம் கூடப் போகும், அவ்வளவுதான். குறிப்பாக விரார் ஃபாஸ்டில் ஏறி நடுவில் அந்தேரியிலோ போரிவலியிலோ இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். கதவருகே நிற்கும் கூட்டம் விரார் வரை போகிற கூட்டம். அதைப் பிளந்துகொண்டு இறங்குவது பழகியவர்களுக்கே சிரமம்.

நேரம்: வேலை நாட்களில் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை கூட்டம் தெற்கே போகும். மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை வடக்கே திரும்பும். சனிக்கிழமை கொஞ்சம் தேவலை, ஆனாலும் எல்லா அலுவலகமும் விடுமுறை கிடையாது. கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகும்படி திட்டம் போட்டால் ஜன்னல் ஓரமே கிடைக்கும்.

இறங்கும் ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்பாகவே எழுந்து கதவுப் பக்கம் நகர வேண்டும். முன்னால் நிற்பவரிடம் “பாய்சாப், தாதர் உத்தர்னா ஹை?” என்று கேளுங்கள். அவர் இறங்குபவராக இருந்தால் அவர் பின்னாலேயே நின்றுகொள்ளலாம், இல்லையென்றால் ஒதுங்கி வழிவிடுவார். இந்த ஊரின் மரியாதை இதில்தான் இருக்கிறது. முரட்டுத்தனமாகத் தெரியும் கூட்டம், கேட்டால் உடனே இடம் தரும். அறிவிப்பு மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் வரும், அதனால் ஸ்டேஷன் தவறிவிடும் என்ற பயம் வேண்டாம்.

கதவில் தொங்க வேண்டாம். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கவே வேண்டாம், எத்தனை பேர் கடந்தாலும். மும்பை புறநகர் ரயில் பாதைகளில் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் உயிர் இழக்கிறார்கள், அதில் பெரும்பங்கு தண்டவாளம் கடக்கும்போது. மேம்பாலம் ஏற ஐந்து நிமிடம்தான் ஆகும்.

கடைசியாக, வார இறுதியில் வருபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது மெகா பிளாக். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காகப் பகலில் சில மணி நேரம் சில தடங்களில் ரயிலை நிறுத்திவிடுவார்கள், அல்லது ஃபாஸ்ட் தடத்திலிருந்து ஸ்லோ தடத்துக்கு மாற்றிவிடுவார்கள். எந்த லைன், எந்த நேரம் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படும். எம்-இண்டிகேட்டர் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள், கால அட்டவணையும் பிளாக் விவரமும் அதில் பார்க்கலாம். இங்கே இருப்பவர்கள் அதைப் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள்.

டாக்ஸி, ஆட்டோ, பஸ்

ஆட்டோ தெற்கு மும்பைக்குள் வராது. மேற்கே பாந்த்ரா, கிழக்கே சயான், அதோடு அவர்களுக்கு எல்லை. அதற்குத் தெற்கே கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். இரண்டும் மீட்டரில் ஓடும். பேரம் பேசும் வழக்கம் இல்லை என்பது சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பெரிய நிம்மதி. 2025 பிப்ரவரியில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கட்டணம் ஆட்டோவுக்கு 26 ரூபாய், டாக்ஸிக்கு 31 ரூபாய். நள்ளிரவிலிருந்து காலை ஐந்து வரை கால் பங்கு கூடுதல். ‘பெஸ்ட்’ என்று சொல்லும் நகரப் பஸ்களில் எண்ணும் ஊர்ப் பெயரும் முன்பக்கம் பெரும்பாலும் மராத்தியில் இருக்கும். தேவநாகரி எண்கள் பத்தையும் ரயிலில் வரும்போதே பழகிக்கொண்டால் பஸ்ஸும் உங்கள் வசம்.

வழி கேட்கும்போது ஸ்டேஷன் பெயரோடு ஈஸ்ட்டா வெஸ்ட்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரிப்பதால் தவறான பக்கம் இறங்கிவிட்டால் மறுபடி பாலம் ஏறி வர வேண்டும்.

சனிக்கிழமை: தெற்கு நுனி

காலை எட்டு மணிக்குள் வி.டி.யில் இறங்குங்கள். வெளியே வந்து சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1878-ல் தொடங்கிப் பத்தாண்டு கட்டியது. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மயில், குரங்கு, இலை, கொடி என்று கல்லில் எத்தனை சிற்பங்கள் என்று தேடித் தேடிப் பார்க்கலாம். அரும்பொருளாக வேலி போட்டு வைக்காமல், தினமும் லட்சக்கணக்கானோர் வேலைக்குப் போய்வரும் ஸ்டேஷனாகவே அது இன்றும் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அங்கிருந்து டாக்ஸி பிடித்து ஒன்பது மணிக்குள் கேட்வே. ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்த வளைவு, 1924-ல் முடிந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-ல் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பியது. சுதந்திரத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு 1948 பிப்ரவரி 28 அன்று இதே வளைவின் வழியாகத்தான் நடந்து வெளியேறியது. பின்னால் 1903-லிருந்து இருக்கும் தாஜ் ஹோட்டல்.

இங்கே படம் எடுத்துக்கொண்டு நேரம் போக்காமல், குகைக் கோவில்கள் இருக்கும் எலிஃபெண்டா தீவுக்கு முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். ஒன்பது மணி வாக்கில் தொடங்கும், போய்ச் சேர ஒரு மணி நேரம். திரும்பும் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் இந்தத் தடத்தில் நடந்த படகு மோதலில் பலர் உயிரிழந்தார்கள். அதனால் லைஃப் ஜாக்கெட்டை வெட்கப்படாமல் கேட்டு வாங்கி, கயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு போகாது. திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும்.

எலிஃபெண்டாவைத் தமிழ் வாசகருக்கு நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய குகைக்குள் நுழைந்தால் அர்த்தநாரீஸ்வரர், கங்காதரர், நடராஜர், கல்யாணசுந்தரர், கயிலையைத் தூக்கும் ராவணன் என்று ஒவ்வொரு சுவரும் நமக்குத் தெரிந்த கதை. வெளிநாட்டுப் பயணிகள் வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொள்வதை நம் வீட்டுப் பாட்டி பார்த்ததும் சொல்லிவிடுவார். ஆனால் அளவும் உருவமும் நம் கோவில்களில் பார்த்தது போல இருக்காது. நடுவில் இருக்கும் மூன்று முகச் சதாசிவர் சுமார் இருபது அடி உயரம். மலையைக் குடைந்து செய்தது, பல்லவர்கள் மாமல்லபுரத்தில் குடைந்ததற்கும் முந்தையது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அந்த முகங்களுக்கு முன்னால் பத்து நிமிடம் ஓரமாக நின்று, கண் இருட்டுக்குப் பழகும் வரை காத்திருந்து பாருங்கள். படகுத்துறையிலிருந்து மேலே ஏற நூற்றுக்கு மேல் படிகள். குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் தெரியக் கூடாது.

இரண்டு மணிக்குள் கேட்வே திரும்பிவிடலாம். சாப்பாட்டுக்குப் பிறகு காலா கோடாவுக்கு நடந்து போங்கள். முன்பு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்று அழைக்கப்பட்ட சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது, அதுவும் விட்டெட் கட்டியதுதான். மாலை ஆறு மணிக்கு மூடிவிடும். முழுவதும் பார்க்க ஒரு நாள் வேண்டும், அதனால் சிற்பங்களும் சிற்றோவியங்களும் இருக்கும் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பக்கத்திலேயே ஜஹாங்கீர் கலைக்கூடம்.

ஐந்து மணிக்கு ஓவல் மைதானத்தைக் கடந்து நடங்கள். ஞாயிறானாலும் சனியானாலும் அங்கே ஒரே நேரத்தில் எத்தனையோ கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும். மைதானத்தின் ஒரு பக்கம் ராஜாபாய் கோபுரமும் உயர் நீதிமன்றமும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கூரான கோபுரங்கள். மறுபக்கம் 1930களின் வளைந்த பால்கனி வைத்த அடுக்குமாடிகள். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள்.

அப்புறம் சர்ச்கேட் தாண்டினால் மெரைன் டிரைவ். சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்னால் சுவரில் இடம் பிடித்து உட்காருங்கள். விளக்குகள் ஏற்றியதும் வடக்கே கிர்காவ் சௌபாத்தி கடற்கரையை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். நேராக நடந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் யாரும் நேராக நடப்பதில்லை. சௌபாத்தியில் பேல்பூரி, பாவ் பாஜி, குல்ஃபி சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் சர்னி ரோடு ஸ்டேஷனில் ஸ்லோ ரயில் பிடித்தால் தாதர் வந்துவிடும். ஒன்பதுக்கு மேல் கிளம்பினால் நல்லது.

ஞாயிறு காலை: மாட்டுங்கா

மெகா பிளாக் தொடங்குவதற்குள், காலை ஏழரைக்கெல்லாம் மாட்டுங்கா ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் இருங்கள். வாழை இலைக் கட்டு, கதம்பம், மல்லிகைச் சரம், முருங்கைக்காய், சேப்பங்கிழங்கு, காபிக்கொட்டை வறுக்கும் வாசனை. பூக்காரரிடம் தமிழிலேயே கேட்கலாம், முழத்தில் அளந்து கொடுப்பார்.

இந்த வட்டாரத்துச் சாலைகள் அகலமாகவும் மரநிழலாகவும் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, நெரிசலைக் குறைக்க 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளை அது திட்டமிட்டு மனையாகப் பிரித்தது. ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலைக்கு வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. 1932-ல் தெற்கிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியது. சபா, கோவில், மெஸ் எல்லாம் பின்னாலேயே வந்தன. ஆஸ்திக சமாஜம் கோவிலுக்குப் போய்விட்டு வந்து காலைச் சாப்பாட்டை முடியுங்கள்.

எங்கே சாப்பிடுவது என்று கேட்டால் நான் கிங்ஸ் சர்க்கிளில் உள்ள கஃபே மெட்ராஸைச் சொல்வேன், 1940-லிருந்து நடக்கிறது. ஸ்டேஷன் பக்கம் ராம் ஆஷ்ரயும் அதே தரம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் இரண்டிலும் வாசலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். சாம்பார் கொஞ்சம் இனிக்கும், உடுப்பிக் கைமணம். மதியம் வரை இருக்க முடிந்தால் ஸ்டேஷன் பக்கத்து மாடியில் ராம நாயக் உடுப்பியில் இலைச் சாப்பாடு சாப்பிடலாம். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மும்பைக்கு வந்தும் இட்லியா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வடா பாவும் மிசலும் இரானிக் கடை பன் மஸ்காவும் கட்டாயம் சாப்பிடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் மாட்டுங்காவின் இட்லி, முன்னால் உட்கார்ந்திருக்கும் குஜராத்தி, மராத்தி, பார்சிக் குடும்பங்களோடு சேர்ந்து சாப்பிடும் மும்பைச் சாப்பாடு.

சங்கீதத்தில் விருப்பம் இருந்தால் சயான் பக்கம் ஷண்முகானந்தா அரங்கத்தில் அன்று கச்சேரி இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். 1952-ல் தொடங்கிய சபா, 1963-ல் அரங்கம். 1990-ல் தீப்பிடித்து, 1998-ல் மறுபடி திறந்தது. செம்பூர் செட்டா நகர் முருகன் கோவிலும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது. ஆனால் அதற்கு ஹார்பர் லைன் பிடித்துப் போக வேண்டும், பிளாக் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளலாம்.

தாராவி

மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் மேற்கே தாராவி. அதை வேடிக்கை பார்க்க, படம் எடுக்கப் போகாதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் இடம் அது. தொண்ணூறடி ரோட்டில் நடந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் கோவில் ஒலிபெருக்கிப் பாட்டும் டீக்கடைத் தமிழும் உங்களை வரவேற்கும். போவதாக இருந்தால் மூன்று காரணங்களுக்காகப் போங்கள்: அங்கே உறவோ நண்பரோ இருந்தால் அவர்களைப் பார்க்க, புரோட்டா சாப்பிட, மெயின் ரோட்டுக் கடைகளில் தோல் பை, பெல்ட் வாங்க. கடைக்காரரை “அண்ணே” என்று கூப்பிட்டு எந்த ஊர் என்று விசாரித்தால் பேச்சு நீளும். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை இருக்கிறது. அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்.

ஞாயிறு மாலை: பாந்த்ரா

மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து இசட் பிரிட்ஜ் என்று சொல்லும் நீளமான நடைபாலத்தைக் கடந்தால் மறுபக்கம் மாட்டுங்கா ரோடு. வெஸ்டர்ன் லைனில் அங்கிருந்து இரண்டே ஸ்டேஷனில் பாந்த்ரா. மேற்கு வாசலில் இறங்கி ஆட்டோவில் மவுண்ட் மேரி தேவாலயம் போங்கள். வேளாங்கண்ணி போய்ப் பழகியவர்களுக்கு அங்கே எதுவும் அந்நியமாக இருக்காது. வாசலில் மெழுகில் செய்த கை, கால், வீடு என்று நேர்த்திக்கடன் பொருட்கள் விற்பார்கள். எல்லா மதத்தினரும் வருவார்கள். செப்டம்பர் 8-ஐ ஒட்டி ஒரு வாரம் இங்கே பெரிய திருவிழா நடக்கும்.

அங்கிருந்து இறங்கி நடந்தால் பாந்த்ரா கோட்டை, 1640-ல் போர்த்துக்கீசியர் கட்டியது. மாலையில் அந்த மேட்டிலிருந்து பார்த்தால் 2009-ல் திறந்த 5.6 கிலோமீட்டர் கடல் பாலம் முழுவதும் தெரியும். நேற்று மெரைன் டிரைவில் பார்த்த சூரியனை இன்று இங்கே பார்த்துவிடலாம்.

கடலிடம் கவனம்

மெரினாவில் வளர்ந்த நமக்குக் கடல் ஏறி இறங்குவது பெரிதாகக் கண்ணில் படுவதில்லை. சென்னைக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டரைத் தாண்டும். கடல் வற்றியிருக்கும்போது பாந்த்ரா பாண்ட் ஸ்டாண்டில் பாறைகள் வெகுதூரம் வரை வெளியே தெரியும், இளைஞர்கள் அதில் நடந்து உள்ளே போய்விடுவார்கள். ஆறு மணி நேரத்துக்குள் அத்தனையும் தண்ணீருக்கு அடியில். திரும்பும் வழி அடைபட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதையும் ஏற்றத்தின்போது முழுகிவிடும், நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். அன்றைய ஏற்ற நேரத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். மழைக்காலத்தில் நாலரை மீட்டருக்கு மேல் ஏற்றம் என்று மாநகராட்சி எச்சரித்தால் கரைப்பக்கமே போக வேண்டாம். மெரைன் டிரைவின் நாற்கால் கான்கிரீட் கற்களில் இறங்கி உட்காராதீர்கள், பாசி வழுக்கும், இடுக்கில் விழுந்தால் தூக்கி எடுப்பது கடினம். குளிக்கும் ஆசையை ஊருக்குப் போய்த் தீர்த்துக்கொள்ளலாம். வடக்கே ஆக்ஸா கடற்கரை பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் மூழ்கிச் சாவதற்குப் பேர்போன கரை அது.

திரும்பும் நாள்

ரயில் டிக்கெட்டில் எந்த டெர்மினஸ் என்று போட்டிருக்கிறது என்பதை முதல் நாள் இரவே மறுபடி பாருங்கள். திலக் டெர்மினஸ் ரயிலுக்கு வி.டி.யில் போய் நின்றவர்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை பகலில் ரயில் என்றால் பெட்டியோடு லோக்கலை நம்ப வேண்டாம், பிளாக் இருக்கலாம், டாக்ஸியே மேல். தாதரில் ஏறுவதாக இருந்தால் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். பாலமும் பிளாட்பாரமும் எப்போதும் நெரிசல், உங்கள் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று கண்டுபிடித்து நிற்கவே நேரம் பிடிக்கும். வழிக்குச் சாப்பாடு வேண்டுமென்றால் மாட்டுங்கா ஓட்டல்களில் காலையிலேயே இட்லியும் தயிர்சாதமும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். சட்னியை மட்டும் தவிர்த்துவிட்டு மிளகாய்ப்பொடி கேளுங்கள்.